மூக்குக்கு மேலே ஒரு கம்பெனி பேர்!

கடைக்குள் என்னென்ன கம்பெனிப் பெயர் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர்களைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போகிறவர்களும் உண்டு. முதல் வகையை எனக்குக் கடை ஆரம்பித்த நாளிலிருந்தே தெரியும். இரண்டாவது வகை ஒன்று இருப்பது தெரிய கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆயிற்று! அதையும் ஒரு டேங்கர் லாரி டிரைவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நாமக்கல்லில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். தொழில் கற்றது சேலம் கடைவீதிப் பக்கம். லென்ஸை சாணைக்கல்லில் கையால் தேய்த்து, ஃபிரேமுக்கு அளவாக வெட்டி மாட்டுவது வரை அங்கேதான் பழகினேன். 1997 ஜனவரியில் நாமக்கல், சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்க ஆரம்பித்தது. 'கலெக்டர் ஆபீஸே வந்தாச்சு... கண்ணாடி போட்ட கிளார்க்குகளும் வருவார்கள்தானே' என்று கணக்குப் போட்டு, அதே வருஷம் நானும் கடை போட்டேன். (கணக்கு தப்பவில்லை. கிளார்க்குகள் வந்தார்கள். கடன் சொன்னார்கள்!)

அந்தக் காலத்தில் சரக்கு எடுப்பது ரொம்ப சுலபம். ஷெல் ஃபிரேம், மெட்டல் ஃபிரேம் என்று இரண்டே ஜாதி. "கறுப்பா, பிரவுனா, கோல்டா?" என்பதோடு வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி முடிந்துவிடும். கம்பெனிப் பெயர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ரேபான்! அதுவும் கம்பெனிப் பெயராகத் தெரியாது, பொருளின் பெயராகத்தான் தெரியும். "முன்னூறு ரூபாய்க்குள்ள நல்ல ரேபானா ஒண்ணு குடுங்க" என்பார்கள். நான் கொடுப்பதும் 'நல்ல ரேபான்'தான், கம்பெனிக்குத் தெரியாத ரேபான்! ஒருவர் ஒரு வாரம் கழித்து வந்து, "இடது கண்ணுல ஒரு மூலை மட்டும் மங்கலாத் தெரியுதுங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவர் எடுக்கவே இல்லை. "எடுத்துட்டா புதுசுன்னு எப்படிங்க தெரியும்?" என்று என்னையே கேட்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் 2014-ல் 'பிராண்ட்' வந்து புகுந்தது.

பெட்டியோடு வந்தவர்

ஒரு கம்பெனி ரெப்ரசென்டேட்டிவ். கழுத்தில் டை. ஷோகேஸை ஒரு சுற்று பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"சார், இன்னும் பேர் இல்லாத ஃபிரேமே வெச்சுட்டிருக்கீங்களே... பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் இந்த ஏரியாவுக்குள்ள வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் பக்கத்து ஓசூரில் வாட்ச் செய்த டைட்டன் கம்பெனி, 2007-லேயே கண்ணாடிக் கடைகள் திறக்க ஆரம்பித்திருந்தது. லென்ஸ்கார்ட் என்று ஒரு கம்பெனி 2010-ல் கிளம்பி, கண்ணாடியை கம்ப்யூட்டரிலேயே விற்றது. நான் இன்னும் "கறுப்பா, பிரவுனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்தார். வெல்வெட் துணியில் வரிசையாக ஃபிரேம்கள். கண்டிஷனையும் திறந்தார்: குறைந்தது அறுபது பீஸ் எடுக்க வேண்டும். அதில் இருபது, கம்பெனி தருகிற மாடலாகத்தான் இருக்கும். விற்காததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பதிலுக்கு லைட் எரிகிற போர்டும், ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடியோடு முறைக்கிற பெரிய படமும் இலவசம்!

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துப் பணம் கட்டினேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, "இந்த ஒரு ஃபிரேம் விலைக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிடலாம். கொலுசாவது சத்தம் போடும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் சத்தம் போடவில்லை.

கொலுசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கொலுசு செய்வதில் சேலம் பேர் பெற்ற ஊர். அங்கே பட்டறையில் கோத்த கொலுசுதான் எங்கெங்கோ உள்ள கடைகளுக்குப் போய், அந்தந்தக் கடையின் டப்பாவில் உட்கார்ந்துகொள்கிறது. நம்ம ஊர்க்காரரே வெளியூருக்குப் போய், ஏ.சி. கடையில் அதை வாங்கி வந்து பெருமையாகக் காட்டுவார். கண்ணாடி ஃபிரேம் கதையும் கிட்டத்தட்ட இதேதான் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

இத்தாலியில் லியோனார்டோ டெல் வெக்கியோ என்று ஒருவர். சின்ன வயதில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1961-ல் அகோர்டோ என்ற மலையூரில் ஃபிரேமுக்கு உதிரி பாகம் செய்ய ஒரு பட்டறை போட்டார். பெயர் லக்ஸோட்டிகா. துணி, கைப்பை, சென்ட் விற்கிற பேஷன் கம்பெனிகளிடம் 'உங்கள் பெயரைக் கொடுங்கள், ஃபிரேமை நாங்கள் செய்கிறோம்' என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1988-ல் அர்மானி பெயர் வந்தது. பிறகு ப்ராடா, ஷனேல் எல்லாம் அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனி 1937-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேபானையும் 1999-ல் இவர்களே வாங்கிவிட்டார்கள். 2018-ல் பிரான்ஸின் எஸிலார் லென்ஸ் கம்பெனியோடு கைகோத்து, ஃபிரேம், லென்ஸ் இரண்டுமே ஒரே கூரைக்கு கீழே வந்துவிட்டது. டெல் வெக்கியோ 2022-ல் காலமானபோது உலகப் பணக்காரர்களில் ஒருவர்.

ஆக, 'ப்ராடாவா, ரேபானா?' என்று கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளில் யார் உசத்தி என்றுதான் யோசிக்கிறார்!

நம் நாட்டிலும் இந்த வித்தை உண்டு. ஜான் ஜேக்கப்ஸ், வின்சென்ட் சேஸ் என்ற பெயர்களைக் கேட்டால், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரைமார்கள் ஞாபகம் வரும். இரண்டுமே லென்ஸ்கார்ட் தன் ஃபிரேம்களுக்கு வைத்துக்கொண்ட சொந்தப் பெயர்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. முனியப்பன், மாரியப்பன் என்று பேர் வைத்தால் நாமே வாங்க மாட்டோமே!

அறுபதில் எத்தனை?

வந்த அறுபது ஃபிரேமில் கொஞ்சம் நன்றாகவே போயிற்று. திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். முன்பெல்லாம் அவர்கள் என் கடையைத் தாண்டி சேலத்துக்குப் பஸ் ஏறுவார்கள். கல்யாண மாப்பிள்ளைகள் வந்தார்கள். ஒரு மாப்பிள்ளையின் மாமா, விலையைக் கேட்டு அதிர்ந்து, ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, பேர் உள்பக்கமா இருக்குதே... இத்தனை பணம் குடுத்தும் வெளியே தெரியாதுங்களா?" என்றார். என்ன பதில் சொல்வது?

மிச்சம் இருந்தது அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஃபிரேம் வாழைப்பழம் இல்லை, அழுகாது. ஆனால் ஃபேஷன் மாறிவிடும். விளிம்பே இல்லாத ரிம்லெஸ் வாங்கி அடுக்கினேன். ஒரே வருஷத்தில் எல்லோரும் பட்டையான கறுப்பு ஃபிரேம் கேட்டார்கள். நான் இப்போது மாட்டியிருக்கும் ரிம்லெஸ், என் மாமனார், இரண்டு மச்சினர்கள் மாட்டியிருப்பது எல்லாமே அந்த சரக்குதான்!

வாசலிலேயே திரும்பியவர்

இப்படி இருக்கும்போது 2016 கடைசியில் ஒரு நாள், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மனைவியோடு வந்தார். கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர். லைசென்ஸ் உறைக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு. கண் பரிசோதனை முகாமில் எழுதிக் கொடுத்தது. தேதியைப் பார்த்தேன், ஆறு மாசம் பழசு. தூரத்துக்கு மைனஸ் ஒன்றரை. கிட்டத்துக்கு அதன் மேல் ப்ளஸ் இரண்டு.

"ஏனுங்க இத்தனை நாள் போடாம விட்டீங்க?"

"உங்க கடைக்கு அப்பவே வந்தேனுங்க."

"எனக்கு ஞாபகம் இல்லீங்களே..."

"உள்ள வந்தாத்தானுங்களே ஞாபகம் இருக்கும்? வாசல்லயே திரும்பிட்டனுங்க. கண்ணாடிக் கதவு, லைட்டு, வெள்ளைக்காரன் படம்... செருப்பைக் கழட்டோணுமா, போட்டுட்டே வரலாமான்னே தெரியலீங்க. நமக்குக் கட்டுப்படியாகாதுன்னு போயிட்டேன்."

போனவர், வட நாட்டில் லோடு இறக்கப் போன இடத்தில் பிளாட்பாரத்தில் நூறு ரூபாய்க்கு ஒரு ரீடிங் கிளாஸ் வாங்கியிருக்கிறார். பில் படிக்க, செல்போனில் வழி பார்க்க அது போதும். ரோட்டைப் பார்க்க? அதைக் கழற்றிவிட்டு, வெறும் கண்ணோடு ஓட்டியிருக்கிறார். ஆறு மாசம். ராத்திரியும் மழையும் சேர்ந்த ஒரு நாளில், டோல்கேட்டில் லேன் பிரிக்கிற சிமெண்ட் கட்டையில் முன் சக்கரம் ஏறிவிட்டது.

"லோடு இறக்கிட்டுத் திரும்பறப்பங்க. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. அந்த முனியப்பன் காப்பாத்திட்டாரு" என்றார். பக்கத்தில் நின்ற அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. என் ஷோகேஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் சீட்டுப் பணத்தைப் போட்டு மாட்டிய வெளிச்சம் ஒருவரை உள்ளே கூப்பிட்டது நிஜம். இன்னொருவரை விரட்டியதும் நிஜம். முன்னவர் வராவிட்டால் எனக்குத்தான் நஷ்டம். பின்னவர் வராமல் போனால் நஷ்டம் எனக்கு மட்டும் இல்லையே!

சேஸும் பாடியும்

ஃபிரேம் எடுத்துக் காட்ட ஆரம்பித்தேன். பழக்க தோஷம்... "கம்பெனி ஃபிரேம் பாக்கறீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"லாரி எடுக்கறப்ப சேஸு எந்தக் கம்பெனின்னு பாப்பமுங்க. லேலண்டா, டாடாவான்னு. இன்ஜினுக்குள்ள என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியாதில்லீங்க, பேரை நம்பித்தான் ஆகோணும். பாடிக்குப் பேரு எதுக்குங்க? பட்டறையில நின்னு, தட்டிப் பாத்து, நம்ம லோடுக்குத் தக்கன கட்டிக்க வேண்டியதுதான். இதுல எதுங்க சேஸு, எதுங்க பாடி?"

லாரி பாடி கட்டுவதற்குப் பேர் போன ஊர் நாமக்கல். அந்த ஊரில் இருபது வருஷம் கடை நடத்திய எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை!

யோசித்துப் பாருங்கள். ஃபிரேம் என்பது பாடி. கையில் எடுக்கலாம், வளைத்துப் பார்க்கலாம், முகத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்க்கலாம். நம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. லென்ஸ்தான் சேஸ். அதன் பவர் சரியா, பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் நம்மால் சொல்ல முடியாது. அங்கேதான் பெயர் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? பாடிக்குப் பெயர் கேட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, "லென்ஸ் சாதாரணமானதே போடுங்க" என்கிறோம்! கடைக்காரனான நானும் அதைத்தான் ஊக்குவித்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், ஃபிரேம் தன் பெயரைக் காதோரத்தில் பளபளவென்று போட்டுக்கொள்கிறது. தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் கோடு தெரியாமல் வருகிற ப்ரோகிரசிவ் லென்ஸிலும் கம்பெனிக் குறி உண்டு. ஆனால் லேசில் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடியாகப் பொறித்திருப்பது தெரியும். உழைக்கிறவன் பேர் என்றைக்கு வெளியே தெரிந்திருக்கிறது?

அசாமில் தேயிலை பறிக்கிற நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவப் பத்திரிகையில் 2018-ல் வந்தது. கண்ணாடி போட்டவர்களின் வேலைத்திறன், போடாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியிருந்தது. அங்கே எடை போட்டது பறித்த இலையை. ஃபிரேமின் பெயரை யாரும் எடை போடவில்லை. மதுரையில் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் பவர் பார்த்த கையோடு அங்கேயே கண்ணாடியைப் பொருத்திக் கொடுக்கிற வழக்கம் வைத்திருக்கிறது. அதன் அருமை அந்த டிரைவரின் ஆறு மாசப் பழைய சீட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சீட்டு பையில் இருந்தால் பார்வை வராது.

அப்படியானால் பிராண்டே வேண்டாமா?

அப்படியும் சொல்ல மாட்டேன். நல்ல கம்பெனி ஃபிரேமில் திருகாணி ஒரே சீராக இருக்கும். மூக்குப் பட்டை, காது முனை தேய்ந்தால் மாற்றுப் பாகம் கிடைக்கும். முலாம் சீக்கிரம் போகாது. மட்டமான மெட்டல் ஃபிரேம், நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் மூக்குப் பக்கம் பச்சை பூத்துவிடும். சிலருக்கு அதிலுள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வரும். அவர்களிடம் 'பெயரில் என்ன இருக்கிறது' என்று தத்துவம் பேசக்கூடாது. ஆனால் அந்த நல்ல குணங்கள் பெயர் இல்லாத நல்ல ஃபிரேமிலும் உண்டு. தேடி எடுப்பதுதான் கடைக்காரன் வேலை.

வாங்குகிறவர்களுக்கும் நாலு வார்த்தை. ஃபிரேமின் கைக்கு உள்பக்கம் 52, நடுவில் குட்டிச் சதுரம், 18, பிறகு 140 என்று எண்கள் இருக்கும். (அதை விலை என்று நினைத்து 140 ரூபாயை எடுத்து நீட்டியவர் உண்டு!) லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், கையின் நீளம், மூன்றும் மில்லிமீட்டரில். பொருந்துகிற பழைய கண்ணாடி இருந்தால் அந்த எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர் அகலமான ஃபிரேம் எடுத்தால், எந்தக் கம்பெனியானாலும் ஓரம் சோடா பாட்டில் மாதிரி தடிக்கும். ப்ரோகிரசிவ் போடுகிறவர் உயரமே இல்லாத ஒல்லி ஃபிரேம் எடுத்தால், படிக்கிற பாகம் வெட்டுப்பட்டுக் கீழே போய்விடும். இரண்டு கண் பாவைக்கு நடுவிலுள்ள தூரத்தை அளக்காமல் கண்ணாடி தருகிறவரிடம், ப்ராடாவே கிடைத்தாலும் தலைவலிதான். ஃபிரேமுக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள், எதிர் வெளிச்சம் லென்ஸில் பட்டுத் தெறிக்காமல் இருக்கப் பூச்சு போட்ட லென்ஸுக்குப் பணத்தைச் செலவு செய்யுங்கள். 'நைட் டிரைவிங்' என்று பெயர் சூட்டி விற்கிற மஞ்சள் கண்ணாடியால் இருட்டில் பார்வை கூடுவதில்லை என்று 2019-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லிவிட்டது.

அந்த டிரைவருக்குப் பெயர் இல்லாத, கெட்டியான ஒரு ஷெல் ஃபிரேம். நல்ல கம்பெனி பைஃபோகல் லென்ஸ், தெறிப்பு தடுக்கிற பூச்சோடு. மறுநாள் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மலைக்கோட்டையைப் பார்த்தார். "அட, கோட்டைச் சுவத்துல கல்லு கல்லாத் தெரியுதுங்க!" என்றார். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது.

அதற்கப்புறம் சரக்கு எடுக்கும் முறையை மாற்றினேன். ஷோகேஸில் நாலில் ஒரு பங்கு கம்பெனிப் பெயர். காலேஜ் பிள்ளைகளை சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட எனக்கும் மனசில்லை. மிச்சம் மூன்று பங்கு, மூக்கையும் பவரையும் பார்த்து நானே பொறுக்கியது. வெள்ளைக்காரர் படம் உள்சுவருக்குப் போயிற்று. அந்த இடத்தில் ஒரு போர்டு: 'லென்ஸ் சேர்த்து 600 ரூபாயிலிருந்து பவர் கண்ணாடி. செருப்போடு வரலாம்!'

அடுத்த முறை வந்த ரெப்ரசென்டேட்டிவ் போர்டைப் பார்த்துப் பதறினார். "சார், பிராண்ட் இமேஜே போயிடும்!" என்றார்.

"இருக்கட்டும். நீங்க போட்டிருக்கிற கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, உள்பக்கம் பார்த்தேன். 54, 17, 140. அவ்வளவுதான். பேரே இல்லை!

"ஹி... ஹி... சொந்த ஊர்ல, தெரிஞ்ச கடையில போட்டது சார். ரொம்ப வருஷமா அங்கதான்" என்றார்.

டிரைவர் இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார். தனியாக வருவதில்லை, கூட ரெண்டு டிரைவர்களைக் கூட்டி வருவார். போன தடவை காலேஜில் படிக்கிற மகளைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் நேராகப் போனது எங்கே என்கிறீர்கள்? அந்த நாலில் ஒரு பங்குக்குத்தான்! விலையைக் கேட்டார். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"பாப்பா ஆசைப்படுது, பேர் போட்டதே குடுங்க. ஆனா லென்ஸ் எந்தக் கம்பெனின்னு மொதல்ல சொல்லுங்க!"